நிழலில் படுத்திருந்த பதினொரு பேர்

கடந்த ஜூலையில் ஒரு புதன்கிழமை மதியம், நான் வேலை பார்த்த வங்கியில் என் அனுமதி அட்டையை ஒப்படைத்துவிட்டு லிஃப்டில் இறங்கினேன். கையில் ஒரு காகிதப் பை. என் கணவர் செந்திலுக்கு அதற்கு இரண்டு மாதம் முன்பே வேலை போயிருந்தது. அவரும் ஆறு வயது மகள் யாழினியும் என் விசாவில்தான் இருந்தார்கள். முருகா என்று சொல்லக்கூட எனக்கு நா எழவில்லை. வேலை போன பயம் மட்டும் அல்ல அது. பதினொரு பேர் எந்த நேரத்திலும் செத்துப்போகலாம் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

என் பெயர் மகேஸ்வரி. ஊர் தூத்துக்குடி. நம் செவ்வாய்க்கிழமை முருகன் வழிபாட்டுக்கு வரும் பலருக்கு என்னை வங்கிக்காரியாகத்தான் தெரியும். நான் படித்தது கெமிக்கல் இன்ஜினியரிங். முதல் வேலை கத்தாரில், ராஸ் லஃபானில், ஓர் ஒப்பந்தக் கம்பெனியில். எரிவாயுத் தொட்டிகளைச் சோதித்து, எது தேறும் எது தேறாது என்று பதிவு செய்ய வேண்டும். பிராஜெக்ட் முடிந்ததும் மஸ்கட்டுக்குப் போய், ரூவியில் ஓர் இன்சூரன்ஸ் ஆபீசில் சேர்ந்தேன். கிடங்குகளையும் ஆலைகளையும் சுற்றிப் பார்த்து, எங்கே ஆபத்து என்று எழுதித் தருவேன். சாயங்காலங்களில் நிதித் தேர்வுகளுக்குப் படித்தேன். ஒருமுறை தோற்றேன். மறுபடி எழுதினேன். கடைசியில் துபாயில் இந்த முதலீட்டு வங்கியில் இடம் கிடைத்தது. ஒரு கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கும்போது, வாங்குகிறவர்களுக்கு ஆலோசனை சொல்வது எங்கள் பிரிவின் வேலை. இத்தனை வேலைகள் மாறி ஏன் இங்கே வந்து சேர்ந்தேன் என்று அப்போது நான் யோசிக்கவே இல்லை. புது விசிட்டிங் கார்டைப் பார்த்துப் பூரித்துப்போனேன், அவ்வளவுதான்.

ஜூன் கடைசியில் என் மேலாளர் கூப்பிட்டார். சென்னைக்காரர். பெயரை மாற்றி ஹரி சார் என்று சொல்கிறேன். "நீ இன்ஜினியராச்சே. ஒரு தடவ சைட்ட பாத்துட்டு வந்துடு" என்றார். துபாயிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம். பாலைவனத்தில் ஒரு சிலிண்டர் நிரப்பும் நிலையம். எங்கள் வாடிக்கையாளர் அதை வாங்குவதாக இருந்தார்.

நான் போய்ச் சேர்ந்தது மதிய இடைவேளையில். கோடையில் அந்த நேரத்தில் வெயிலில் யாரையும் வேலை வாங்கக் கூடாது. வேலையாட்கள் பதினொரு பேர், மூன்றாம் நம்பர் தொட்டிக்கு அடியில் அட்டைப் பெட்டிகளை விரித்துப் படுத்திருந்தார்கள். அங்கே வேறு நிழல் இல்லை. தொட்டிக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். பெயர்த் தகடு இருக்க வேண்டிய இடத்தில் அறுத்து எடுத்த தழும்பு. கிட்டே போய்ப் பார்த்தேன். பெயிண்டுக்கு அடியில், இரும்பிலேயே குத்திய எண் மங்கலாகத் தெரிந்தது. போட்டோ எடுத்து வந்து, வீட்டில் என் பழைய டைரியைப் புரட்டினேன். அதே எண். ராஸ் லஃபானில் நான் முதன்முதலாகத் தேறாது என்று எழுதிய தொட்டி. வெல்டிங் ஓரத்தில் விரிசல். அதைப் பழைய இரும்பாக உடைக்க அனுப்பிவிட்டதாகத்தான் எங்களிடம் சொன்னார்கள்.

அந்த நிலையத்தின் வாட்ச்மேன் குல் பாய், ஒரு பட்டாணியர். கிளம்பும்போதே அவரிடம் எனக்குத் தெரிந்த இந்தியில் சொல்லியிருந்தேன், யாரையும் அங்கே படுக்க விடாதீர்கள் என்று. அவர் கையை விரித்தார். வேலையாட்கள் ஓய்வெடுக்க வேண்டிய கேட் பக்கத்து கேபினில் ஏசி ஓடவில்லையாம். சூப்பர்வைசரிடம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாராம். "மாஃபி ஃபாய்தா, மேடம்" என்றார். ஒரு பிரயோஜனமும் இல்லை.

என் அறிக்கையில் அந்தத் தொட்டியைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். ஹரி சார் அதைப் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"இந்தப் பாராவ எடுத்துடும்மா."

"சார், அந்த டேங்க் எனக்குத் தெரியும். அது வெடிக்கும்."

"நீ இப்ப இன்ஜினியர் இல்ல. உன் சந்தேகத்துக்காக டீல் நிக்காது. எடுத்துட்டு சைன் பண்ணு."

அவர் குரலை உயர்த்தவில்லை. சிரித்த முகத்தோடு சொன்னார்: "காலைல உங்க பில்டிங் பக்கம் வந்தேன். உன் பொண்ணு ஸ்கூல் பஸ்ஸுக்கு நின்னுட்டிருந்தா. தனியாதான் நின்னா."

நாங்கள் இருப்பது பர் துபாயில். அவர் வீடு ஊரின் மறுகோடியில். காலை ஆறரை மணிக்கு எங்கள் தெருவில் அவருக்கு ஒரு வேலையும் கிடையாது.

அன்றிலிருந்து செந்தில் பஸ் வரும்வரை மகள் கையை விடாமல் நின்றார். தெருவில் மெதுவாகப் போகும் ஒவ்வொரு காரையும் பார்த்தார். "கையெழுத்துப் போட்டுட்டு வந்துரு மகேஸ்" என்றார். "நமக்கு எதுக்கு இந்த வம்பு? பிள்ளைய வச்சுக்கிட்டு இருக்கோம்." அவரைக் குறை சொல்ல மாட்டேன். நானும் மூன்று நாள் அதைத்தான் நினைத்தேன். அதிகாரிகளிடம் ஏன் உடனே போகவில்லை என்று கேட்பீர்கள். பயந்தேன். அதுதான் உண்மை.

புதன்கிழமை காலை பேனாவைக் கையில் கொடுத்தார்கள். என்னால் முடியவில்லை. அந்தப் பத்தியோடேயே அறிக்கையை வங்கியின் சட்டப் பிரிவுக்கு மெயில் அனுப்பினேன். அரை மணி நேரத்தில் ஹரி சார் வந்தார். "கலாஸ். எல்லாம் முடிஞ்சுது. கார்டைக் குடுத்துட்டுக் கெளம்பு."

சாயங்காலம் சமையலறை அலமாரியில் இருக்கும் முருகன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். விளக்கேற்றவில்லை. இத்தனை வருஷமும் பரீட்சை, விசா, வேலை என்று எனக்காகவே கேட்டிருக்கிறேன். அன்று அதெல்லாம் வாயில் வரவில்லை. "என்னை விடு. அந்தப் பதினொரு பேரைப் பார்த்துக்கோ. நான் என்ன செய்யணும்னு சொல்லு" என்றேன். எவ்வளவு நேரம் அழுதேனோ தெரியாது. குரல் எதுவும் கேட்கவில்லை, ஒளியும் தெரியவில்லை. அழுது முடித்து எழுந்து குல் பாயைப் போனில் கூப்பிட்டேன். டைரி, எண், விரிசல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் "அச்சா, மேடம்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை, தீயணைப்பையும் பாதுகாப்புச் சோதனையையும் பார்க்கும் சிவில் டிஃபென்சுக்குப் போன் செய்து என் பெயரைச் சொல்லியே புகார் கொடுத்தேன். செந்தில் பக்கத்தில் நின்று, போட்டோக்களைத் தன் கையாலேயே அனுப்பினார். உடனே ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள்.

அன்று மதியம் ஒன்றேகால் மணிக்கு அந்தத் தொட்டி வெல்டிங் ஓரத்தில் பிளந்தது. வாயு பரவித் தீப்பிடித்தது. சோதனைக்கு வந்துகொண்டிருந்த அதிகாரிகள் தூரத்திலிருந்தே புகையைப் பார்த்துத் தீயணைப்பு வண்டிகளை வரவழைத்தார்கள். தொட்டிக்கு அடியில் விரித்திருந்த அட்டைகள் கருகிப்போயின. அவற்றின் மேல் ஒருவரும் இல்லை.

குல் பாய் அன்று விடிந்ததும் தன் ஊர்க்கார ஏசி மெக்கானிக் ஒருவரைத் தேடிப் பிடித்துக் கூட்டிவந்திருக்கிறார். பன்னிரண்டு மணிக்குத்தான் கேபினில் ஏசி ஓட ஆரம்பித்தது. பதினொரு பேரும் அங்கே போய்ப் படுத்துவிட்டார்கள். ஒருவருக்குக் கையில் தீக்காயம், அதோடு சரி. போனில் குல் பாய் அழுதார். அவர் தன் ஆண்டவனுக்கு நன்றி சொன்னார், நான் முருகனுக்குச் சொன்னேன். ஒரே விஷயத்துக்காகத்தான் இருவரும் அழுதோம்.

விசாரணையில் என் மெயிலை எடுத்தார்கள். இரண்டு வாரத்தில் வங்கி என்னைத் திரும்பக் கூப்பிட்டது. ஹரி சார் அதற்குள் நாட்டைவிட்டே போயிருந்தார். எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. மகள் பஸ் ஏறும்வரை நாங்கள் இன்னும் கூடவேதான் நிற்கிறோம். நான் தேறாது என்று எழுதிய தொட்டிகள் இன்னும் இரண்டு உண்டு. அவை எங்கே என்பதும் தெரியவில்லை. அதிகாரிகள் தேடுகிறார்கள். நானும் அவற்றுக்காகத் தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

இப்போது எந்த ஆலையையும் நேரில் பார்க்காமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை. ஒரு வேலையிலும் நிலைக்காமல் அலைகிறேனே என்று ஒரு காலத்தில் வருந்தியிருக்கிறேன். அந்த எண்ணைப் படிக்கத் தெரிந்த ஒருத்தியை முருகன் அந்த இடம்வரை நடத்திக்கொண்டு போயிருக்கிறான் என்று இன்று நம்புகிறேன்.

அன்பானவர்களே, உங்களில் யாரிடமாவது ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு, சிரித்துக்கொண்டே ஒரு காகிதத்தை நீட்டியிருக்கலாம். முருகனிடம் போங்கள். பயம் போய்விடும் என்று பொய் சொல்ல மாட்டேன், எனக்கு இன்னும் போகவில்லை. ஆனால் பயந்துகொண்டே செய்ய வேண்டியதைச் செய்கிற பலத்தை அவன் தருவான். எனக்குத் தந்தான். கேட்டுப் பாருங்கள்.