வெளியூர் போன வீடுகள்

திருகோணமலை நகர மின்சாரக் கந்தோரில் இராசதுரையைப் பெட்டிக்காரர் என்றுதான் சொல்வார்கள். மாதாமாதம் மீற்றர் பார்த்துப் பில் எழுதுகிறவர்கள் வேறு. இவர் நகரத்தில் தெரிந்தெடுத்த முப்பது வீடுகளில் வீட்டுக்கு ஒரு மரப்பெட்டி பொருத்தியிருந்தார். பெட்டிக்குள் ஒரு மணிக்கூடு ஓடும். அதோடு சேர்ந்து சுழலும் தாளில் பேனாமுனை ஒன்று கோடு இழுத்துக்கொண்டு போகும். வீட்டில் விளக்கைப் போட்டால் கோடு ஏறும், அணைத்தால் இறங்கும். அந்த முப்பது வீடுகளின் கோடுகளைப் பார்த்து, எந்த நேரத்தில் ஊர் எவ்வளவு கறண்ட் கேட்கிறது என்று கணிப்பார்கள். அதை வைத்துத்தான் பவர்ஹவுசில் எஞ்சின் ஓட்டினார்கள்.

பெட்டி பொருத்தப்போன காலத்தில் அவர் கேட்காத பேச்சில்லை.

“உது நாங்கள் கதைக்கிறதையும் எழுதுமோ, ஐயா?” என்று திருக்கடலூரில் ஒருத்தி கேட்டாள்.

“இல்லைத் தங்கச்சி. வெளிச்சத்தை மட்டுந்தான்.”

“அப்ப பூட்டுங்கோ. இந்த மனுசன் என்னைப் பேசுறதை எழுதத் தொடங்கினால் உங்கட தாள் காணாது.”

வீடுகளைச் சீட்டுப் போட்டுத்தான் தெரிவு செய்தார்கள். டொக்யார்ட் வீதிக்கு விழுந்த சீட்டு அவருடைய மகள் கோணேஸ்வரியின் வீடாக இருந்தது. கலியாணம் முடிந்து ஆறேழு மாதந்தான். மருமகன் பாலசிங்கத்துக்குத் துறைமுகத்தில் களஞ்சிய வேலை. வெள்ளிக்கிழமைகளில் தாள் மாற்றப் போகும் இராசதுரை, பழைய தாளை விரித்துப் பார்த்துவிட்டு, “கிணத்தடி லைற்றைத் திரும்பவும் நூக்காமல் எரிய விட்டிட்டாய்” என்பார்.

“கட்டிக் குடுத்த பிறகும் மகளுக்குக் காவல் இருக்கிற தகப்பன் இந்த உலகத்திலை நீங்கள் ஒராள்தான் அப்பா” என்று அவள் சிரிப்பாள். “பேசாமல் தேத்தண்ணியைக் குடியுங்கோ.”

சித்திரை வருஷப் பிறப்புக்குச் சில நாள் இருக்கையில், ஒரு காலையில், யப்பான்காரன் துறைமுகத்தின்மேல் குண்டு போட்டான். பாலசிங்கத்தின் உடலைக் களஞ்சியத்தடியில் எடுத்தார்கள். டொக்யார்ட் வீதியில் வீடு இருந்த இடத்தில் ஒரு குழி இருந்தது. கோணேஸ்வரி அகப்படவில்லை. அவள் ஓடினதைக் கண்டதாகப் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். கந்தளாய்க்குப் போன வண்டில்களில் ஒன்றில் அவளைப்போல ஒருத்தி இருந்தாள் என்று வேறொருவர் சொன்னார். இராசதுரை கந்தளாய்க்குப் போனார். குச்சவெளிக்கும் போனார். அவளைப்போல ஒருத்தியை எல்லா இடத்திலும் யாரோ கண்டிருந்தார்கள்.

பாலசிங்கத்தின் வீட்டார் அவனுக்கு முப்பத்தோராம் நாள் கிரியை செய்தார்கள். அன்று அவர்கள் கோணேஸ்வரிக்கும் சேர்த்துச் செய்யவா என்று கேட்டபோது, இராசதுரையின் மனைவி வள்ளியம்மா எழுந்து நின்றாள். “உயிரோடை இருக்கிற பிள்ளைக்கு ஆர் அந்தியேட்டி செய்யிறது? என்ர வாசல்லை இந்தக் கதையோடை ஒருத்தரும் வரக்கூடாது.” அதன்பிறகு யாரும் வரவில்லை.

குண்டுக்குப் பயந்து ஓடிப்போன ஊர் அடுத்த வருஷம் கொஞ்சங்கொஞ்சமாகத் திரும்பியது. ஆனால் துறைமுகம் பல மடங்கு பெருத்துவிட்டது. பட்டறைகளுக்கு இரவு பகலாகக் கறண்ட் வேண்டும். பின்னேரத்தில் நகரத்துக்கு ஓடுகிற எஞ்சினையும் துறைமுகத்துக்கே திருப்பிவிடலாமா என்று மேலிடத்தில் பேச்சு எழுந்தது. நகரத்தின் தேவை இவ்வளவு என்று காட்ட ஒரு கணிப்பும் கையில் இல்லை. பழைய ஆய்வை மறுபடி எழுப்பித் தரும்படி கந்தோரின் எஞ்சினியர் வல்லிபுரம் இராசதுரையிடம் சொன்னார்.

இராசதுரை எழுப்பினார். உடைந்த பெட்டிகளை மண்ணுக்குள்ளிருந்து பொறுக்கி, மணிக்கூடுகளைக் கழுவி எண்ணெய் போட்டு, மூன்றில் நல்லதாய் இருந்ததை எடுத்து ஒன்று செய்தார். வீடுவீடாகப் போனார். அங்கேதான் பிழைவிட்டார்.

ஆய்வின் விதி எளிமையானது. குடியிருப்பவர்கள் சிறிது காலம் வெளியூர் போயிருந்தால் அந்த வீடு ஆய்விலேயே இருக்கும். அதன் பாவனை பூச்சியமென்று சேரும். அவர்கள் இனி வரமாட்டார்கள் என்றால் அதை நீக்கிவிட்டு, அதே வீதியில் அதைப்போன்ற வேறொரு வீட்டைப் போடவேண்டும். குடியிருப்போர் தொகை, விளக்குகள், பழக்கவழக்கம் எல்லாம் கிட்டத்தட்ட ஒத்திருக்கவேண்டும்.

சம்பூரில் உறவினர் வீட்டில் தங்கியிருந்த தம்பையா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். “எங்கட வீட்டை வெட்டிப் போடாதேங்கோ தம்பி. கூரை மட்டுந்தானே இல்லை. அடுத்த மாசம் வந்திடுவம்.”

“போன முறையும் அடுத்த மாசம் எண்டுதானே சொன்னீங்கள், அண்ணை?”

“இப்பவும் அதைத்தானே சொல்லுறன். வாக்கு மாறேல்லையே!”

இருவரும் சிரித்தார்கள். சிரித்த முகத்தோடேயே தம்பையாவின் கண் நிறைந்தது. இராசதுரை வெளியூர் என்று குறித்துக்கொண்டார். கிண்ணியாவுக்குப் போனவர்களும் அப்படியே கேட்டார்கள். யாழ்ப்பாணத்துக்குப் போனவர்கள் ஆள் சொல்லி அனுப்பினார்கள். யாரையும் அவரால் நீக்க ஏலவில்லை. டொக்யார்ட் வீதிக் குழிக்கும் வெளியூர் என்றே குறித்தார்.

கணிப்பைப் பார்த்த வல்லிபுரம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“இராசதுரை, பாதி வீடு பூச்சியம். இதை அனுப்பினால் நகரத்துக்கு மெழுகுதிரி போதும் எண்டு எழுதிப்போடுவாங்கள். வந்திருக்கிற சனம் இருட்டுக்குள்ளை கிடக்கும். ஆசுப்பத்திரியும் எங்கட லைனிலைதான் இருக்கு.”

“அதுகள் வருங்கள், சேர்.”

“வந்தால் திரும்பச் சேர்ப்பம்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “வராத வீடு எது எண்டு உங்களுக்குத் தெரியும். நான் சொல்ல ஏலாது. நீங்கள்தான் எடுக்கவேணும்.”

மாத முடிவுக்குள் கணிப்புப் போகவேண்டும். இராசதுரை ஒவ்வொன்றாக நீக்கத் தொடங்கினார். தம்பையாவின் வீட்டுக்குப் பதிலாக இரண்டு வாசல் தள்ளி ஒரு வீடு கிடைத்தது. மற்றவற்றுக்கும் கிடைத்தன. டொக்யார்ட் வீதி மட்டும் மிஞ்சியது. அங்கே ஒரு வீட்டில் ஒரு விளக்கு கூடுதல் என்று திரும்பினார். ஒரு வீட்டில் மனைவிக்கு வயது அதிகம் என்றார். இன்னொன்றில் குசினி வடக்கே பார்த்திருந்தது. அதற்கும் மின்சாரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

வல்லிபுரம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “நீங்கள் வீடு தேடேல்லை, இராசதுரை. ஆளைத் தேடுறியள்.”

இராசதுரை வாசலில் சாத்தியிருந்த சைக்கிளை எடுத்துக்கொண்டு அன்றைக்கே போனார்.

குழிக்கு எதிர்ப்பக்கமாக, சற்றுத் தள்ளி, மூதூரிலிருந்து வந்த ஒரு தையல்காரர் குடியிருந்தார். பெயர் முனாப். கடற்படைக்காரரின் உடுப்புத் தைப்பவர். மனைவி ஸுல்பிகா வயிற்றில் பிள்ளையோடு கதவடியில் வந்து நின்றாள். இராசதுரை கேட்கவேண்டியதைக் கேட்டார். எத்தனை பேர், எத்தனை விளக்கு, எப்போது படுக்கை. அந்த வீட்டில் கிணற்றடி விளக்கு இருக்கவில்லை. அவர் ஏணியில் ஏறிப் பழைய பெட்டியைச் சுவரில் வைத்து ஆணி அறைந்தார்.

“இது முன்னுக்கு ஆர்ட ஊட்டுல இரிந்த, ஐயா?” என்று ஸுல்பிகா கேட்டாள்.

“முன்னுக்குள்ள வீட்டிலை.”

“அந்தக் குழியடியிலயா? அவங்க இப்ப எங்க?”

வெளியூர் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். ஒரு வருஷமாகப் பழகின சொல். அது வரவில்லை.

“செத்துப் போனாள். என்ர மகள்.”

உள்ளே ஓடிக்கொண்டிருந்த தையல் மெசின் நின்றது. முனாப் எழுந்து வந்து, ஏணியைப் பிடித்துக்கொண்டார். ஸுல்பிகா முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். கொஞ்சம் பொறுத்து, “பெட்டிய நாங்க கவனமாப் பாத்துக்கிறம், ஐயா” என்றாள்.

வீட்டுக்குப் போனபோது வள்ளியம்மா குசினி வாசலில் சுளகோடு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பங்கீட்டு அரிசி, பாதி கல். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு அவளுக்கு முன்னால் நிலத்தில் இருந்தார்.

“பிள்ளையின்ர வீட்டை எடுத்துப்போட்டன்.”

அவளுடைய கை நின்றது. “எங்கையிருந்து?”

“ஆய்விலையிருந்து. எதிர்ப்பக்கத்து வீட்டைப் போட்டாச்சு.”

“ஆரைக் கேட்டு?”

“ஒருத்தரையும் கேக்கேல்லை.”

“நாளைக்கு அவள் வந்து வாசல்லை நிண்டால் என்ன சொல்லுவியள்? உன்ர இடத்துக்கு வேறை ஆளைப் போட்டிட்டன் எண்டோ?”

“வரமாட்டாள், வள்ளி.”

அவள் சுளகைத் தூக்கி அவர்மேல் எறிந்தாள். அரிசி அவருடைய மடியிலும் நிலத்திலுமாகக் கொட்டியது. “கந்தளாயிலை கண்டது எண்டு நீங்கள்தானே வந்து சொன்னீங்கள்! குச்சவெளியிலை கண்டது எண்டும் நீங்கள்தானே!”

“ஓம். நான்தான் சொன்னனான்.”

“அப்ப ஏன் சொன்னீங்கள்?”

அவர் குனிந்து, நிலத்தில் கிடந்த அரிசியைப் பொறுக்கத் தொடங்கினார். ஒரு பிடி சேர்ந்ததும் சுளகை நிமிர்த்தி அதில் போட்டார். வள்ளியம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். எடுத்த மணிகள் வழியிலேயே விழுந்தன. கொஞ்ச நேரத்தில் அவளும் கை நீட்டிப் பொறுக்கினாள். அரிசியில் அகப்பட்ட கற்களை வாசலுக்கு வெளியே எறிந்தாள். நிலம் துப்புரவாகும்வரை இருவரும் பொறுக்கினார்கள்.

நகரத்தின் எஞ்சினை நிறுத்தவில்லை. கணிப்பு உரிய நாளில் போய்ச் சேர்ந்தது. இராசதுரை இளைப்பாறும் வரைக்கும் அந்த ஆய்வை அவரே நடத்தினார். தம்பையா ஒருநாள் உண்மையாகவே திரும்பி வந்தபோது அவருடைய வீட்டை மறுபடி சேர்த்துக்கொண்டார். அரிசி பொறுக்கிய அன்று பின்னேரம் இவை எதுவும் அவருக்குத் தெரியாது. சுளகை எடுத்துக்கொண்டு உள்ளே போகத் திரும்பிய வள்ளியம்மா, முதுகைக் காட்டியபடியே கேட்டாள்.

“ஐயர் கோயில்லை எப்ப நிப்பார்?”

“விடியக் காலமை.”

“போய்ச் சொல்லுங்கோ. அவளுக்குச் செய்யவேணும். திகதி கேட்டால்…” அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். “திகதி எங்களுக்குத் தெரியுந்தானே.”

“தெரியும்” என்றார் இராசதுரை.