போனில் இருந்த வாய்

அன்று செம்மேட்டுக் கடையில் மிளகு வியாபாரி, அவர் கடை ஆள், என் நாத்தனார், நான் என நாலு பேர்தான் இருந்தோம்.

ஆறாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். போனில் எழுத்தைத் தட்டத் தெரியாமல், பேசித்தான் அனுப்புவேன். மிளகுப் பணத்தை இழுத்தடித்த வியாபாரியை முதல்நாள் அப்படித்தான் திட்டித் தீர்த்திருந்தேன். நேரில் போய் நின்றதும் அவர் அந்தப் பேச்சைத் தன் போனில் சத்தமாகப் போட்டார்.

"ஏனுங்க, இதையே என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க!"

"மெதுவாக் குடுங்க, பரவால்லீங்க" என்றுதான் எனக்கு வாயில் வந்தது. கடை ஆள் விழுந்து விழுந்து சிரித்தார்.

"இவளுக்குப் போன்லதானுங்க வாயெல்லாம்" என்றாள் நாத்தனார்.

"அடுத்த வாரமும் பேசி அனுப்புங்க, பொழுது போவும்" என்றார் வியாபாரி.

இப்போது எதையும் பேசி அனுப்புவதில்லை. சந்தை நாள்தோறும் அவர் கடைக்குத் தனியாகப் போய், பயந்துகொண்டே நேரில் கேட்கிறேன். இன்னும் பதினாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் வரவேண்டும்.