சொகந்தாங்க ஐயா

முதலில் அது தெரியவந்தது கூடைக் கயிற்றால்தான். தேயிலைக் கொழுந்துக் கூடையின் கயிறு தலையில் இழுபடும்போதெல்லாம் வலது தாடைக்குக் கீழே ஏதோ குதிக்கிறது என்றாள் என் மனைவி அன்னக்கிளி.

"இந்தாங்க, கொஞ்சம் கை வச்சுப் பாருங்க. உள்ள என்னமோ துடிக்குது."

வைத்தேன். நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. அது நாடியோடு சேர்ந்து துள்ளியது. பயத்தில் கையை எடுத்துக்கொண்டேன். சளிக்கட்டி, பத்துப் போட்டால் போய்விடும் என்று அவளிடம் சொன்னேன். எனக்கே நம்பிக்கையில்லாமல் சொன்னேன்.

நான் இலங்கையில் மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவது என் வேலை. காய்ச்சல் பரவிய ஒரு வருஷத்தில், பேரோடு சேர்த்து 'சொகமா?' என்றும் கேட்கும்படி தோட்டத்துத் தொரை உத்தரவிட்டார். இல்லை என்பவரை லயத்து வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவேன். அன்று அவருக்கு வேலையில்லை, கூலியுமில்லை. அதனால் யாரும் இல்லை என்றதே கிடையாது. உடம்பு அனலாய்க் கொதித்தாலும் "சொகந்தாங்க ஐயா" என்பார்கள். பொய் என்று தெரியும். வரிசை குறையாமல் இருந்தது எனக்கு வசதியாக இருந்தது.

அன்னக்கிளியும் அந்த வரிசையில்தான் நிற்பாள். கல்யாணத்துக்குப் பிறகும் அவள் கொழுந்தெடுப்பதை விடவில்லை. வீட்டில் அவளுக்கு நான் "இந்தாங்க". களத்தில் மட்டும் எல்லோரையும்போல "சொகந்தாங்க ஐயா" என்பாள், உதட்டை மடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு.

இரண்டே மாதத்தில் கட்டி எலுமிச்சம்பழம் அளவாயிற்று. அவளால் மல்லாந்து படுக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்தபடியே தூங்கினாள். "காதுக்குள்ள ஆறு ஓடுற மாதிரி இரைச்சலா இருக்குங்க" என்றாள். மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி அவளைப் பதுளைக்குக் கொண்டுபோனேன். வண்டி குலுங்கும்போதெல்லாம் கட்டி உடைந்துவிடுமோ என்று என் கையை அவள் கழுத்துக்கு அணையாக வைத்திருந்தேன்.

அங்கே தனியாக வைத்தியம் பார்த்துவந்த வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் சோதித்தார். எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும். தமனி வீக்கம் (இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுபோகும் குழாயின் சுவர் மெலிந்து பைபோலப் புடைப்பது) என்றார். வெடித்தால் சில நிமிஷத்தில் உயிர் போய்விடும். மூளைக்குப் போகும் அந்தத் தமனியைக் கட்டிக்குக் கீழே நூலால் கட்டி அடைப்பது ஒன்றுதான் வழி.

"அடைத்தால் மூளையின் அந்தப் பக்கத்துக்கு இரத்தம்?" என்று கேட்டேன்.

சிலேட்டில் ஒரு வளையம் வரைந்தார். மூளையின் அடியில் தமனிகள் ஒன்றோடொன்று இணைந்து இப்படி வட்டமாக இருக்குமாம். ஒரு வழி அடைபட்டால் மறுபக்கத்து இரத்தம் சுற்றி வந்து சேரும். மண் சரிந்தால் நாங்கள் சுற்றுவழியில் போவதுபோலத்தான். ஆனால் எல்லோருக்கும் வளையம் ஒரே மாதிரி அமைவதில்லை. சிலருக்கு ஒரு கிளை நூல்போல இருக்கும், சிலருக்கு இருக்கவே இருக்காது. வெளியிலிருந்து பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. முன்கூட்டியே தமனியை விரலால் அழுத்தி, கொஞ்ச நேரம் இரத்தத்தை நிறுத்திப் பார்க்கலாம். அப்போது அவள் கை தளர்ந்தாலோ, புத்தி தடுமாறினாலோ, கட்டக் கூடாது.

"அவள் பேச்சை நீதான் எனக்குச் சொல்ல வேண்டும்" என்றார்.

முதல் நாள் ஐந்து நிமிஷம் அழுத்தினார். அன்னக்கிளி என்னைப் பார்த்து, "தொரை கழுத்த நெரிக்கிறாரு, நீங்க வேடிக்கையா பாக்குறீங்க?" என்றாள். நான் சிரித்துவிட்டேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு.

மறுநாள் பத்து நிமிஷம். முடியும் தறுவாயில், எப்படி இருக்கிறாள் என்று கேட்கச் சொன்னார். என் வாயில் பழகிய வார்த்தைதான் வந்தது.

"சொகமா?"

அவள் கண் என் முகத்திலேயே நின்றது.

"சொகந்தாங்க ஐயா."

நன்றாக இருக்கிறாள் என்று டாக்டரிடம் சொன்னேன். நிச்சயமாகவா என்று கேட்டார். நிச்சயம் என்றேன். கட்டி ஒழிய வேண்டும், அவள் படுத்துத் தூங்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பில்லை. 'ஐயா' என்றது டாக்டரை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் மயக்க மருந்து கொடுத்துத் தமனியைக் கட்டினார்கள். கண் விழித்ததும் தேத்தண்ணி கேட்டாள். கட்டியின் துடிப்பு நின்றிருந்தது. கும்பிடாத சாமியையெல்லாம் கும்பிட்டேன்.

அதற்கடுத்த நாள் காலையில் தன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது யாரு கை? எம்பக்கத்துல கெடக்குது. எடுத்து அந்தாண்ட வைங்க." நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். யாருடைய கைக்காக அழுகிறேன் என்று அவளுக்குத் தெரியவில்லை. பிறகு பேச்சு நின்றது. ஆறாம் நாள் மூச்சும் நின்றது.

அவள் தலையைத் திறந்து பார்க்க டாக்டர் அனுமதி கேட்டார். கொடுத்தேன். வெளியே வந்து, வளையத்தில் வலப்பக்கம் முன்கிளை மயிரிழைபோல இருந்தது, பின்கிளை பிறவியிலேயே இல்லை என்றார். நோயல்ல, அமைப்பு, யார் பேரிலும் தப்பில்லை என்றார். பிறகு மெதுவாக, "அழுத்தியபோது என்ன சொன்னாள்?" என்று கேட்டார்.

அவள் சொன்னதைத் தமிழிலேயே சொல்லிப் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. அவள் டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து ஐயா என்றாள். அந்த அறையில் அவள் இல்லை. பெரட்டுக் களத்தில் நின்றிருந்தாள். டாக்டர் காத்திருந்த புத்தித் தடுமாற்றம் அதுதான்.

டாக்டரிடம் நான் அதைச் சொல்லவில்லை. இங்கேதான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்தச் சோதனை நடந்தால், சுகமா என்று கேட்காதீர்கள். இது எந்த இடம், நான் யார் என்று கேளுங்கள். உங்களை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கவனியுங்கள்.

இப்போது பெரட்டில் நான் பேர் மட்டும் கூப்பிடுகிறேன். ஆனாலும் பழக்கம் விடாமல் "சொகந்தாங்க ஐயா" என்கிறார்கள். கேட்டதும் விரல் என் கழுத்துக்குப் போகிறது. அழுத்திக்கொண்டு நிற்கிறேன். பத்து நிமிஷமா, ஒரு நொடியா தெரிவதில்லை. "அடுத்த பேரு கூப்பிடுங்க" என்று யாராவது சொன்ன பிறகுதான் விரலை எடுக்கிறேன்.