ஞாயிற்றுக்கிழமை நுரை

சித்தப்பா என்றால் யாருக்குச் சித்தப்பா என்று கேட்கக் கூடாது. அந்தத் தெருவில் பல் முளைக்காத குழந்தை முதல் பல் போன பெரியவர் வரை எல்லோருக்கும் அவர் சித்தப்பாதான். அதனால் அவர் மனைவி சித்தி. சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும் தெரியும்.

தெருக் கோடியில் ஒரு மலை. மலை என்பது மரியாதைக்குச் சொல்வது. செம்புச் சுரங்கம் ஓடிய காலத்தில் கல்லை அரைத்து, செம்பை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கொட்டிக் கொட்டி வளர்த்த சாம்பல் நிற மணல் குவியல் அது. கொட்டும் குழாயைப் பிடித்தபடி இளமையைக் கழித்தவர் சித்தப்பா. காற்று கிளம்பினால் அந்த மணல் வேறெங்கும் போகாது. நேராக வந்து சித்தியின் கொடியில் காயும் துணியில் உட்காரும். சித்தி உதறுவாள். சித்தப்பா அந்த நேரம் பார்த்து வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

சுரங்கம் மூடிப் பல வருஷம் கழித்துப் புதிதாக ஓர் ஆலை வந்தது. பழைய இயந்திரங்கள் கைவிட்ட செம்பு அந்த மணலில் இன்னும் இருக்கிறதாம். அதை எடுத்துவிட்டு, மிச்சத்தைச் சிமெண்டோடு குழைத்துச் சுரங்கப் பள்ளத்துக்குள்ளேயே அடைத்துவிடலாம் என்று கணக்கு. முதலில் சோதனை ஓட்டம். சித்தப்பாவை நுரைத் தொட்டியில் போட்டார்கள். வேலைக்குத்தான், குளிக்க அல்ல. மணலைத் தண்ணீரில் கலக்கி, மருந்து விட்டு, அடியிலிருந்து காற்றை ஊதினால் செம்புத் துகள் குமிழியைப் பிடித்துக்கொண்டு மேலே வரும். மண் அடியில் தங்கிவிடும். நுரையை வழித்தால் செம்பு.

"நான் கொட்டினதை நானே அள்ளறேன். ரெண்டுக்கும் சம்பளம்!" என்று தெருவில் பீற்றிக்கொள்வார். சித்தியிடம் மட்டும் குரலை இறக்கிச் சொன்னார்: "மலை போயிடும். உன் கொடிக்கு எதிர்ல வெறும் வானம்தான் இருக்கும், பாரு."

சொன்ன வாக்குக்குத் திங்கட்கிழமை ரூபத்தில் வந்தது வினை. மற்ற நாளெல்லாம் கறுத்து இறுகி மினுங்கும் நுரை, திங்கட்கிழமை மட்டும் வெள்ளையாகப் பொங்கித் தொட்டியைத் தாண்டி, படியில் இறங்கி, சூப்பர்வைசர் காலைக் கழுவியது. அதில் செம்பைவிட மண்தான் அதிகம். லேப் மேடம் மருந்தை மாற்றிப் பார்த்தாள், குறைத்தும் பார்த்தாள். கூட வேலை செய்கிறவர்கள் தங்கள் பங்குக்கு ஆராய்ச்சி செய்தார்கள்.

"ஞாயித்துக்கிழமை சித்தப்பா கொஞ்சம் ஜாஸ்தி ஊத்திக்கிறாரு. மறுநாள் கை நடுங்கி மருந்தையும் ஜாஸ்தி ஊத்திடறாரு."

டீயைத் தவிர எதையும் தொடாத மனுஷர். மறுத்தால் இன்னும் சிரிப்பார்கள் என்று நுரையை வழிக்கத் திரும்பிக்கொண்டார்.

அப்படி ஒரு திங்கட்கிழமையில்தான் மேனேஜர் வந்து சொன்னார். அடுத்த திங்கள் செம்பு வாங்குகிறவர்கள் நேரில் வந்து சோதிப்பார்கள். நுரை தேறாவிட்டால் ஆலைக்குப் பூட்டு. மலை நின்ற இடத்திலேயே நிற்கும்.

அவர் போனதும் சித்தப்பா குனிந்து, பொங்கும் நுரையைக் கையால் ஒதுக்கினார். எலுமிச்சை வாசனை. நிமிர்ந்து, முந்தின நாள் சித்தி துவைத்த தன் சட்டைக் காலரை முகர்ந்தார். அதே வாசனை.

"மேடம், முதல்ல இதை மோந்து பாருங்க. அப்புறம் என் சட்டையை மோந்து பாருங்க."

"காலங்காத்தால இது தேவையா சித்தப்பா?" என்றாலும் மேடம் முகர்ந்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தொட்டிக்குத் தண்ணீர் குளத்திலிருந்து வருகிறது. குளத்தில் தெருச் சாக்கடை கலக்கிறது. தெருவே துணி துவைப்பது ஞாயிற்றுக்கிழமை. மேடம் சாக்கடைத் தண்ணீரை மணல் கலவையில் விட்டு ஊதிப் பார்த்தாள். அது பொங்கி அவள் கோட்டிலேயே வழிந்தது. சாக்கடையைத் திருப்பிவிட மாதக்கணக்காகும். நடுவில் இருப்பதோ ஒரே ஒரு ஞாயிறு.

சித்தப்பா வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"இந்த ஞாயித்துக்கிழமை துணி துவைக்க வேணாம்."

"ஏங்க, தண்ணி வராதா?"

"வரும். சோப்பு ஆகாது."

"யாருக்கு ஆகாது?"

"மலைக்கு," என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார்.

சித்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "நல்லா இருக்கே! இத்தனை வருஷமா அந்த மலையை உங்க சட்டையிலேர்ந்து அலசிக் கரைச்சது நானு. இப்ப என் சோப்பு அதுக்கு அலர்ஜியா?"

"உன்னை மட்டும் சொல்லல. தெருவுக்கே சொல்லணும். எனக்கு எப்படிக் கேக்கறதுன்னு தெரியல."

"தெரியாது. பீத்திக்கத்தான் வாய்," என்று முந்தானையைச் செருகிக்கொண்டு சித்தி வாசலில் இறங்கினாள். வீடு வீடாக ஏறி, "சட்டை ஒரு வாரம் அழுக்கா இருக்கணுமா, இல்ல நாம சாகற வரைக்கும் இந்த மலை இங்கயே இருக்கணுமா?" என்று கேட்டாள். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். அழுக்குச் சட்டையோடு பள்ளிக்கூடம் போக அம்மாவே உத்தரவு கொடுப்பது தினமும் நடக்கிற காரியமா? தெருவில் ஒரு டிரைவர் வீட்டில் மட்டும் கைக்குழந்தை, துவைக்காமல் முடியாது. அந்தத் தண்ணீரைச் சித்தியே வாளி வாளியாகச் சுமந்து, குளத்துக்கு எதிர்ப்பக்கம் கொண்டுபோய்க் கொட்டினாள்.

ஞாயிறு மாலை சித்தப்பா சாக்கடையோரமாகக் குளம் வரை நடந்தார். சாக்கடை அடி தெரியக் காய்ந்து கிடந்தது. தெருவில் ஒரு கொடியிலும் துணி இல்லை. சட்டை நுனியால் கண்ணைத் துடைத்தார். யாராவது பார்த்துவைத்தால் மானம் போய்விடுமே என்று இரண்டு முறை பொய்யாகத் தும்மிக்கொண்டார்.

திங்கட்கிழமை நுரை கறுத்து, இறுகி, மினுங்கி ஏறியது. வந்தவர்கள் அதை அள்ளிச் சோதித்துவிட்டுத் தலையாட்டினார்கள். அழுக்குச் சட்டையோடு நின்ற சித்தப்பாவிடம் கைகுலுக்கிவிட்டுக் கொஞ்சம் தள்ளியும் நின்றுகொண்டார்கள்.

அன்று மாலை சித்திக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. சித்தப்பா தானே அண்டாவில் தண்ணீர் நிரப்பி, சோப்புப் பொடியைத் தாராளமாகக் கொட்டி, வாரத் துணியை முக்கினார். சாக்கடையைத் திருப்பிவிடும் வரை தெருவில் துவைத்த தண்ணீரெல்லாம் குளத்துக்கு எதிர்ப்பக்கம்தான் என்று ஏற்பாடு. நுரை பொங்கி வழிந்தது. பழக்க தோஷம், விரலால் வழித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

கட்டிலிலிருந்து சித்தி கேட்டாள்: "என்ன, செம்பு தேறுமா?"

"ம்ஹூம். வெறும் மண்ணு."

"எல்லாம் நீங்க கொட்டினதுதான். நல்லா கசக்குங்க. காலர்ல இன்னும் இருக்கும்."

சித்தப்பா கசக்கினார். எதிரே, மலையின் ஓரத்தில், மலையை முழுசாக அள்ள முதல் லாரி பின்பக்கமாக வந்து நின்றது.