மரினால்வாவின் முதல் ஓட்டு

நாற்பத்தாறு வயதுவரை மரினால்வா ஓட்டுப் போட்டதில்லை. மற்றவர்கள் போடாவிட்டால் அபராதம் கட்டவேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களைச் சட்டம் அவரவர் இஷ்டத்துக்கு விட்டுவிட்டது. "எனக்குன்னு இருக்கிற ஒரே சலுகை இது. இதையும் ஏன் கெடுத்துக்கணும்?" என்று சிரித்துவிட்டு, தேர்தல் ஞாயிற்றுக்கிழமையிலும் மரவள்ளிக்கிழங்கு சுரண்ட உட்கார்ந்துவிடுவாள். லஜேடோவில் அவள் சுடும் மரவள்ளி அடைக்குத் தனி மவுசு. பாயியா மாநிலத்தின் வறண்ட பக்கத்தில், நகரத்திலிருந்து மண்சாலையில் வெகுதூரம் தள்ளிக் கிடக்கும் சிற்றூர் அது.

அந்த வருஷம் மட்டும், கெடு முடிவதற்குள் நகரத்துக்குப் பஸ் ஏறிப்போய், விரல்ரேகை பதித்து வாக்காளர் ஆனாள். அவள் புருஷன் எவிலாசியோ நகராட்சி உறுப்பினர் பதவிக்கு நின்றதுதான் காரணம்.

அவன் பதவி ஆசை பிடித்து நிற்கவில்லை. முந்தின வருஷம் அவர்களுடைய ஒரே மகள் எதிலேனியைப் பாம்பு கடித்தது. நகராட்சியின் ஆம்புலன்ஸ் வழக்கம்போலப் பட்டறையில் கிடந்தது. எவிலாசியோ அப்போது தூரத்துத் திராட்சைப் பண்ணையில் கூலிவேலையில் இருந்தான். சேதி கேட்டுத் தன் சொந்தக் காரையும் டிரைவரையும் அனுப்பிவைத்தவள், பல வருஷமாக உறுப்பினராக இருக்கும் டோனா வல்டிரா. பாதி வழியில், மரினால்வாவின் மடியிலேயே பெண் போய்விட்டாள். எவிலாசியோ அடக்கத்துக்குத்தான் வந்து சேர்ந்தான்.

"அந்தம்மா மனசு வெச்சாத்தான் கார் வரும்னா, மனசு வைக்காத அன்னிக்கு நம்ம சாகணுமா? லஜேடோவுல ஒரு ஆம்புலன்ஸ் நிக்கணும். அவ்வளவுதான் நான் கேக்கறது" என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னான். எல்லாரும் அவனுக்குக் காப்பி கொடுத்தார்கள். எல்லாரும் ஓட்டும் கொடுப்பதாகச் சொன்னார்கள். எதிலேனிக்கு ஞானத்தகப்பனான ஜெனிவால், அந்த உறவுமுறை சொல்லி அழைத்து, அவன் தோளில் கைபோட்டு, "கொம்பாத்ரே, என் வீட்டு ஓட்டு ஆறும் உன் பையில இருக்கு. போய் நிம்மதியாத் தூங்கு" என்றான். அவன் போய்த் தூங்கவும் செய்தான், அப்பாவி.

மரினால்வாவுக்காக ஒரு செருப்பு அட்டைப்பெட்டியில் ஓட்டு மிஷின் செய்தான். "முதல்ல கவுன்சிலர். அஞ்சு நம்பர் அழுத்து. என் போட்டோ வரும். வந்ததும் பச்சை. தப்பாப் போச்சுன்னா ஆரஞ்சு அழுத்தி மறுபடி ஆரம்பி. அப்புறம்தான் மேயர், அவருக்கு ரெண்டே நம்பர்."

"பச்சை அழுத்தினப்புறம் மாத்த முடியாதா?"

"முடியாது. கல்யாணம் மாதிரி."

"அப்போ யோசிச்சுத்தான் அழுத்தணும்" என்றாள் அவள். மகள் போனபிறகு அந்த வீட்டில் இருவரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

தேர்தலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, எவிலாசியோ இல்லாத நேரத்தில் டோனா வல்டிரா வந்தாள். ஓட்டுக் கேட்கவில்லை. சமையலறையில் உட்கார்ந்து, எதிலேனியின் படத்தைப் பார்த்து அழுதாள். அழுகை பொய்யில்லை, அரசியல்வாதிக்கும் கண்ணீர் வரும், அதுதான் நம்மைச் சிக்கவைப்பது. காருக்குப் பெட்ரோல் காசுகூட வாங்காதவள், ராத்திரியென்றும் பாராமல் வண்டியைத் திறந்துவிட்டவள். மரினால்வாவின் வாய் தானாகவே சொல்லிவிட்டது:

"என் ஓட்டு உங்களுக்குத்தான், டோனா வல்டிரா."

"உன் புருஷன் நிக்கிறானேம்மா."

"அவருக்கு ஊரே போடுது."

அந்த ஊரில் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில், அட்டை மறைப்புக்குப் பின்னால் தனியாக நின்றபோது, முதலில் புருஷனின் நம்பரைத்தான் அழுத்தினாள். எவிலாசியோ திரையில் வந்தான், அடக்கத்தன்று போட்டிருந்த அதே சட்டையில். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். ஜெனிவால் வீட்டில் ஆறு, எதிர்வரிசை முழுக்க, சர்ச் தெரு முழுக்க; இவ்வளவில் ஒன்று குறைந்தால் யாருக்குத் தெரியும்? ஆரஞ்சை அழுத்தினாள். பிரசாரப் பாட்டு வண்டி வாரக்கணக்கில் தெருத்தெருவாகப் பாடிய டோனா வல்டிராவின் நம்பரைப் போட்டாள். பச்சை.

எவிலாசியோவுக்கு மட்டும் பழைய பதிவுப்படி ஓட்டு நகரத்துப் பள்ளியில் இருந்தது. போட்டுவிட்டு, பஸ் பிடித்து, சாயங்காலம் லஜேடோவுக்கு வந்தான். ஐந்து மணிக்குக் கதவைச் சாத்தினார்கள். மிஷின் நீளமாக ஒரு தாளைக் கக்கியது. அதிகாரி அதைக் கதவில் ஒட்டினார். அந்தப் பெட்டியில் யாருக்கு எத்தனை என்று அதில் இருக்கும். ஓட்டே விழாதவர்களின் பெயர் இருக்காது.

எவிலாசியோ விரலை வைத்து மேலிருந்து கீழே படித்தான். மறுபடி மேலே போய்ப் படித்தான். மரினால்வாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் புருஷனின் முதுகைப் படிக்கத் தெரியும். அவன் தோள் இறங்கியதைப் பார்த்தாள். ஊரே பார்த்தது. ஒருவரும் தாளுக்குக் கிட்டே போகவில்லை. மற்றவர்கள் போடுவார்கள், நம் ஒன்று குறைந்தால் என்ன என்று ஒவ்வொருவரும் நினைத்திருந்தார்கள் போல. ஆம்புலன்ஸ் வேண்டும் என்று அத்தனை பேரும் தலையாட்டிய ஊர்.

"எத்தனை, கொம்பாத்ரே?" என்று கேட்டான் ஜெனிவால்.

எவிலாசியோ திரும்பினான். "ஒண்ணு" என்றான், எல்லாருக்கும் கேட்கும்படி. "என் பொண்டாட்டி போட்டது."

ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து மரினால்வாவின் கையைப் பிடித்தார்கள். "நீயாவது இருந்தியே" என்றாள் ஜெனிவாலின் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. மரினால்வா கையை உருவிக்கொள்ளத் தெரியாமல் நின்றாள். பூமி பிளந்து விழுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வீட்டுக்குப் போகும் வழியில் அவளால் தாங்க முடியவில்லை.

"எவிலா, நான் போடல."

"தெரியும். தாள்ல என் பேரே இல்ல." அவன் நடையை நிறுத்தவில்லை.

"அந்தக் கார்ல அவ தலை என் மடியில இருந்துச்சு எவிலா. அதை மறந்துட்டு எப்படி..."

"கார்ல நீ இருந்த. நான் இல்ல. நான் என்ன சொல்றது." கொஞ்ச தூரம் போனபின், "அவளுக்காகத்தான் நின்னேன்" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள்.

அவன் அவளை ஒரு நாளும் திட்டவில்லை. அவள் சுட்ட அடையைத் தின்றான், கூரை ஓடு மாற்றினான், திராட்சை அறுப்புக்குப் போய் வந்தான். எதிலேனி என்ற பெயரை மட்டும் அதற்குப் பிறகு அவளிடம் அவன் சொன்னதே இல்லை. அந்தப் பெயரைச் சேர்ந்து சொல்ல அவளுக்கு உலகத்தில் வேறு யாரும் இல்லை.