டீச்சருக்குப் பிடித்த பிள்ளை

அம்மா இராமநாதபுரம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். அத்தாவைக் கட்டிக்கொண்டு மலாக்காவுக்கு வந்ததும் அவர் வாங்கிய சான்றிதழ்கள் பெட்டிக்குள் போய்விட்டன. இங்கே அவை செல்லாது. அத்தாவின் மளிகைக் கடைக்கு மேல்மாடியில் எங்களுக்குச் சமைப்பதும், அவர் விற்கும் மசாலாவுக்கு மிளகாய் காயவைப்பதுமாக ஆண்டுகள் ஓடின. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அத்தா ஒரு பழைய வேன் வாங்கி டுரியான் துங்கால் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்குச் சாமான் கொண்டுபோய் விற்க ஆரம்பித்தார். ஒரு நாள் துணைக்குப் போன அம்மா, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் பருப்புப் பொட்டலத்தில் இருந்த தமிழை வாசிக்கத் திணறுவதைப் பார்த்துவிட்டு வந்தார். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த முறை வேனில் பருப்போடு சாக்குக்கட்டியும் போனது.

வகுப்பு நடந்தது ஆயாக்கொட்டகையில். பெண்கள் பால்வெட்டப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் இடம் அது. இளம் குடும்பங்கள் புக்கிட் ரம்பாய் தொழிற்சாலைகளைத் தேடிப் போய்விட்டதால் அங்கே தொட்டில்கள் சும்மா தொங்கின. அம்மா அவற்றைச் சுருட்டி ஓரம் கட்டிவிட்டுப் பாய் விரித்தார்.

நான் மலாய்ப் பள்ளியில் படித்தேன். "இந்த ஊர்ல பொழைக்க மலாய் போதும்" என்பது அத்தாவின் கட்சி. வீட்டில் தமிழ் பேசுவேனே தவிர எழுத்து தெரியாது. அதில் எனக்குக் குறையொன்றும் இருந்ததில்லை, அந்தப் பெண்ணைப் பற்றி அம்மா பேசத் தொடங்கும்வரை.

என் வயதுதான் அவளுக்கும். பால்வெட்டுக்காரரின் மகள். "அந்தப் புள்ளைக்கு ஒரு தடவ சொன்னா போதும்" என்று மீன் கழுவிக்கொண்டே அம்மா சொல்வார். அவள் கேட்ட கேள்வி, அவள் எழுதிய கட்டுரை, அவள் சிரித்த சிரிப்பு. நான் ஆங்கிலத்தில் அதிக மதிப்பெண் வாங்கி வந்த அன்று அம்மா "நல்லது" என்றார். அவ்வளவுதான். பிறகு, உம்பாய்க் கடற்கரையில் வாங்கிய மீனில் பெரிய துண்டைப் பொரித்து, தோட்டத்துக்கென்று டப்பாவில் வைத்து மூடினார். மீதியிருந்த வாலை நான் தின்றேன். எனக்கு வாலே பிடிக்காது.

அந்த ஆண்டு நகரத்தில் ஒரு பேச்சுப்போட்டி நடந்தது. அம்மா அவளைத் தயார்படுத்தினார். போட்டியன்று காலை எங்கள் வீட்டுக்கே அவளை வரவழைத்து, என் சீப்பால் தலைவாரி, இரட்டைச் சடை பின்னிவிட்டார். எனக்கு அப்படிப் பின்னிவிட்டு எத்தனையோ காலமாகியிருந்தது.

மேடையில் ஏறியதும் அவள் வேறு ஆளாகிவிட்டாள். கையை உயர்த்தினாள், குரலை இறக்கினாள், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினாள். சபை கைதட்டியது. அவள் பேசியதில் பாதி எனக்குப் புரியவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் அம்மாவின் பேச்சு அவள் வாயிலிருந்து வருகிறது, எனக்குத்தான் அது விளங்கவில்லை என்று நினைத்தபோது நெஞ்சு காந்தியது.

திரும்பும்போது வேனின் முன்சீட்டில், அத்தாவுக்கும் அம்மாவுக்கும் நடுவே அவள் உட்கார்ந்தாள், மடியில் பரிசுக் கோப்பையோடு. எனக்குப் பின்னால் அரிசி மூட்டை மேல் இடம். அவளைத் தோட்டத்தில் இறக்கிவிட்ட பிறகும் நான் முன்னால் போய் உட்காரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வெடித்துவிட்டேன். "எனக்கு ஏன்மா தமிழ் சொல்லித் தரல?"

அம்மா திகைத்துப்போனார். "நீ கேக்கவே இல்லையேம்மா."

"அவ கேட்டாளா?"

"அவ கேட்டா."

நான் அழுதேன். அம்மா என்னைச் சமாதானம் செய்யவில்லை. நேராகக் கேட்டார்: "வர்றியா? ஆனா அங்க நான் டீச்சரு. அம்மான்னு சலுகையெல்லாம் கெடையாது."

போனேன். முதலாம் வகுப்புப் பொடிசுகளோடு என்னை உட்காரவைத்து, எனக்கு எழுத்துச் சொல்லித் தர அவளையே நியமித்தார். அவள் என் கையைப் பிடித்து எழுதவைத்தாள். "அப்படி இல்ல லா. டீச்சர் சொல்ற மாதிரி நாக்க மடி. 'ழ'. டீச்சருக்குத் தப்பா சொன்னா பிடிக்காது, தெரியும்ல?"

என் அம்மாவுக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று அவள் எனக்குச் சொன்னாள்! அந்த எரிச்சலில்தான் அவ்வளவு வேகமாகக் கற்றுக்கொண்டேன். பாயின் கடைசியிலிருந்து அவள் பக்கத்து இடத்துக்கு வரும்வரை எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

அடுத்த ஆண்டு, கொட்டகையைக் காலிசெய்யச் சொல்லி மேனேஜர் ஆள் அனுப்பினார். உரமூட்டை அடுக்க இடம் வேண்டுமாம். அம்மா லயத்தில் வீடு வீடாக ஏறி இறங்கினார். பெண்களைத் திரட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போவது என்று முடிவானது. அத்தா பயந்தார். "ஒனக்கு இருக்கிறது செவப்பு ஐசி, குடியுரிமை கெடையாது. இந்த ஊர்க்காரி இல்ல நீ. எதாவது ஆச்சுன்னா ஊருக்கு அனுப்பிருவான்."

"நான் பேச மாட்டேன். பின்னால நிப்பேன்" என்றார் அம்மா.

அப்படியானால் யார் பேசுவது? எனக்குள் ஓர் ஆசை எழுந்தது. மேனேஜர் மலாய்க்காரர். அந்தக் கூட்டத்தில் பள்ளிக்கூடத்து மலாயைப் பிழையில்லாமல் பேசத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். என்ன சொல்ல வேண்டும் என்று கண்ணாடிக்கு முன்னால் நின்று பேசிப் பார்த்தேன்.

அம்மா தேர்ந்தெடுத்தது அந்தப் பெண்ணுடைய தாயை.

"ஐயோ டீச்சரம்மா, எனக்குச் சந்தையில பேசுற பசார் மலாய்தான் லா வரும்" என்று அந்த அக்கா பின்வாங்கினார்.

"அது போதும்க்கா. ஒங்க எடம், ஒங்க புள்ளைங்க. நீங்கதான் கேக்கணும்."

நான் அம்மாவின் கையை இழுத்தேன். "நான் பேசுறேன்மா."

"நீ சும்மா இரு."

ஆபீஸ் வாசலில் இருபது பெண்களாவது நின்றிருப்பார்கள், வெட்டுமரத்திலிருந்து நேராக வந்த ரப்பர் வாடையோடு. அந்த அக்கா முன்னால் போனார். "துவான், இனி தெம்பாட் பூடா பூடா பெலாஜார்" என்று ஆரம்பித்தார். பிள்ளைகள் படிக்கிற இடம் இது, ஐயா. சொற்கள் தட்டுத்தடுமாறி வந்தன. பிறகு எங்கிருந்து தைரியம் வந்ததோ, தான் பிறந்ததும் இந்தத் தோட்டத்தில்தான், அந்தக் கொட்டகைத் தொட்டிலில் கிடந்தவள்தான் தானும் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். மேனேஜர் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டார்.

எனக்கு மேனேஜரைப் பார்க்கவா தோன்றியது? பொறுக்க முடியாமல் திரும்பி அம்மாவைப் பார்த்தேன். கூட்டத்தின் கடைசியில், தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றிருந்தார். அவர் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. அந்த அக்கா தவறவிட்ட சொற்களையெல்லாம் அம்மா வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த முகத்தை எனக்குத் தெரியும். பேச்சுப்போட்டி அன்று என் முகம் அப்படித்தான் இருந்திருக்கும்.

கொட்டகை எங்களுக்கே இருக்கட்டும் என்றார் மேனேஜர். பெண்கள் அந்த அக்காவைக் கட்டிக்கொண்டு சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். வீட்டுக்கு வரும் வழியில் அவரிடம் கேட்டேன்: "ஒங்களுக்குப் பேசணும்போல இருந்துச்சாம்மா?"

அம்மா முன்னால் நீண்ட தார்ச் சடக்கைப் பார்த்தபடியே சொன்னார்: "இருந்துச்சு. 'நான் இங்க பொறந்தவ'ன்னு அவங்க சொன்னாங்க பாரு. நான் எவ்வளவு நல்லாப் பேசினாலும் அத மட்டும் சொல்ல முடியாதுல்ல?"

அத்தா கியரை மாற்றி வேனை ஓட்டினார்.

சில ஆண்டுகளில் தோட்டம் விற்கப்பட்டது. குடும்பங்கள் புக்கிட் ரம்பாய் வீடமைப்புப் பகுதிக்குப் போயின. அம்மாவின் வகுப்பும் கூடவே போய், அந்த அக்காவின் வீட்டு முன்னறையில் நடந்தது. அங்கே தொடங்கிய தாய்மார் குழுவுக்கு அந்த அக்காதான் தலைவி. அம்மா இன்றுவரை எந்தப் பதவியிலும் உட்காரவில்லை.

அவள் பயிற்சிக் கல்லூரிக்குப் போய், தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஆனாள். இப்போதும் வாரம் தவறாமல் அம்மாவுக்குப் போன் செய்கிறாள். மணி அடித்தால் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு உள்ளறைக்குப் போய்விடுவார். அப்படி என்னதான் பேசுகிறார்களோ, சிரிப்பு மட்டும் கேட்கும்.

நான் தமிழில் எழுதிய முதல் கதையை அம்மாவிடம்தான் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி வரி வரை வாசித்தார். மடித்து வைத்தார்.

"நல்லாருக்கு. ரெண்டு மூணு எடத்துல ஒற்று விட்டுட்ட. அவகிட்ட ஒரு தடவ காட்டு, திருத்தித் தருவா."

நான் காட்டவில்லை.