லென்ஸ் மூடி

மொரிஷியசுக்குச் சுதந்திரம் வருவதற்கு முந்தைய டிசம்பர் கோடையில், வக்குவாவில் பத்து நாள் சினிமாப் பயிற்சிக்குப் போனேன். ஆசிரியர் ஓயாமல் பாராட்டியது ரோஷ் புவாவிலிருந்து வந்த மரீயைத்தான். எனக்கு வயிறு எரிந்தது.

நான் சந்தையைப் படமெடுக்கத் தொடங்கியதும் அவள் கை குறுக்கே வந்தது.

"கைய எடு," என்று சீறினேன்.

"பார்தோன்," என்று மன்னிப்புக் கேட்டு விலகினாள். வேண்டுமென்றே கெடுத்தாள் என்று நினைத்தேன்.

மறுநாள் லென்ஸ் மூடியைக் கழற்றாமலே அவள் படமெடுத்தாள். அந்தக் கேமராவில் பார்ப்பதற்குத் தனித் துளை, லென்ஸ் மூடியிருந்தாலும் எடுப்பவருக்குத் தெரியாது. நான் கவனித்தும் வாய் திறக்கவில்லை.

கடைசி நாள் திரையிட்டார்கள். அவள் படம் முழுக்க இருட்டு. என் படமும் இருட்டில்தான் தொடங்கியது. பிறகு மரீயின் விரல்கள் விலக, சந்தை தெரிந்தது. நான் கழற்ற மறந்த மூடியை அவள் கழற்றியிருக்கிறாள்.

"பிரமாதமான தொடக்கம். யார் யோசனை?" என்றார் ஆசிரியர்.

"என்னுதுதான்," என்றேன்.

எல்லோரோடும் சேர்ந்து மரீயும் கைதட்டினாள். அதன் பிறகு யார் கைதட்டினாலும் எனக்குக் கூசுகிறது.